நீதிமன்றம் "நிரபராதி" என்று சொல்லவேயில்லை

போன வெள்ளிக்கிழமை இரவு, கொக்குவிலில் பெரியம்மா வீட்டு ஹோலில் ஐந்து பேர் கூடியிருந்து ஒரு அமெரிக்க வழக்குத் தொடரின் புதிய பகுதியைப் பார்த்தோம். தமிழில் குரல் கொடுத்த பதிப்பு. தொழில் கூட்டாளியைக் கொன்றதாக ஒரு வியாபாரி மேல் வழக்கு. அவனைக் கேற்றடியில் கண்டதாகச் சொல்ல ஒரேயொரு சாட்சி, எதிர்வீட்டுப் பெண். எத்தனை மணிக்குக் கண்டீர்கள் என்று கேட்டால், தான் தவறாமல் கேட்கும் வானொலி நிகழ்ச்சி தொடங்கிய நேரம், சரியாக ஒன்பது மணி என்கிறார். வியாபாரியின் சட்டத்தரணி எழும்பி ஒரேயொரு தாளை நீட்டுகிறார். அன்றைக்கு அந்த நிகழ்ச்சி நாற்பது நிமிடம் பிந்தித்தான் தொடங்கியிருக்கிறது. ஒன்பது நாற்பதுக்கு வியாபாரி வேறொரு ஊரில் பெற்றோல் அடித்துக்கொண்டு நிற்கிறான், கமெராவில் இருக்கிறது. வழக்கு அங்கேயே உடைந்துபோகிறது. ஜூரிகள், அதாவது தீர்ப்புச் சொல்லத் தெரிவான சாதாரண ஆட்கள், எழும்பி "இவர் நிரபராதி" என்கிறார்கள். கடைசி அரை நிமிடத்தில், லிப்டுக்குள் போனவன் கதவு மூடுகிற நேரம் தன் சட்டத்தரணியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கிறான். ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அவன்தான் செய்தான் என்று எங்கள் ஐந்து பேருக்கும் விளங்கிவிட்டது.

எனக்கு அந்தப் பகுதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அது முடிந்ததும் தொடங்கிய கதைதான் இதை எழுதவைத்தது. "உவன்தான் செய்தவன், பிறகென்னத்துக்கு நிரபராதி எண்டு விட்டவங்கள்?" என்று பெரியம்மா. "காசிருந்தால் சட்டமும் வளையும்" என்று மச்சான். அந்தச் சட்டத்தரணிக்கு மனச்சாட்சியே இல்லை என்று தங்கச்சி. எல்லோருக்கும் கோபம் வந்தது, அது நல்ல கோபந்தான். ஆனால் மூன்று பேரும் நடக்காத ஒன்றைப் பார்த்துத்தான் கோபப்பட்டார்கள்.

நான் படத்தைப் பின்னுக்கு இழுத்து, ஆங்கிலக் குரலுக்கு மாற்றி அந்த இடத்தைத் திரும்பப் போட்டேன். ஜூரி சொன்னது "நொட் கில்ட்டி". அதாவது "குற்றவாளி அல்ல". குரல் கொடுத்தவர்கள் அதை "நிரபராதி" ஆக்கிவிட்டார்கள். நிரபராதி என்றால் குற்றமே செய்யாதவன். அந்த ஜூரிகள் அப்படிச் சொல்லவேயில்லை. அவர்களிடம் அதைக் கேட்கவும் இல்லை. எங்கள் ஊர்ப் பேச்சிலும், சில நேரம் பத்திரிகைத் தலைப்பிலும்கூட, இந்த இரண்டையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்கிறோம். எங்கே பிரிகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம். சட்டம் படித்திருக்கத் தேவையில்லை.

ரியூசன் கொட்டிலில் காணாமல்போன ஐந்நூறு ரூபாய்

நான் பத்தாம் ஆண்டு படித்த காலம். ஓலைக் கொட்டிலுக்குள் கணித ரியூசன். ஒரு பிள்ளை மாதக் காசு ஐந்நூறு ரூபாயைக் கடித உறைக்குள் வைத்து, உறையைக் கொப்பிக்குள் வைத்திருந்தாள். இடைவேளைக்கு நாங்கள் எல்லோரும் கிணற்றடிக்குத் தண்ணி குடிக்கப் போய் வந்தபோது உறை இருந்தது, காசு இல்லை. பின் வாங்கில் இருந்த பெடியன் ஒருவன் மட்டும் தண்ணி குடிக்க வரவில்லை. வேறொன்றும் எங்களுக்குத் தெரியாது.

அவ்வளவுதான் வழக்கு. சேர் அவனை எழுப்பி, "நீ எடுக்கேல்லை எண்டால் அதைக் காட்டு" என்றார். அவன் இரண்டு பொக்கற்றையும் வெளியே இழுத்துக் காட்டினான். பையைத் தலைகீழாகக் கொட்டினான். கொம்பாஸ் பெட்டி, பாதி அழிறப்பர், ஒரு பஸ் ரிக்கற், மூடி கழன்ற பேனை. காசு இல்லை. யாரோ "ஒளிச்சு வைச்சிருப்பான்" என்றார்கள். சுற்றி நின்று பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த கிழமையிலிருந்து அவன் வகுப்புக்கு வரவில்லை. அந்தக் காசை யார் எடுத்தார் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அவன் என்ன செய்திருந்தால் நாங்கள் நம்பியிருப்போம் என்று இப்போது யோசித்தால், ஒன்றுமேயில்லை. வெறும் பொக்கற் எதையும் காட்டாது. ஒன்றைச் செய்தேன் என்று காட்டலாம். செய்யவில்லை என்று காட்டுவது எப்படி? எடுத்தான் என்று சொல்கிறவர்களுக்கோ வழி இருக்கிறது. கண்டவர் இருக்கலாம், காசு அகப்படலாம், அவன் செலவழித்த கடை இருக்கலாம். ஆகவே யார் குற்றம் சொல்கிறாரோ அவர்தான் காட்டவேண்டும். நியாயமான ஒரேயொரு ஒழுங்கு அதுதான், மற்றப் பக்கம் வைத்தால் வாங்கில் தனியே இருந்த எவனும் கள்ளனாகிவிடுவான்.

இந்த ஒழுங்குக்குச் சட்டத்தில் பெயர் எண்பிப்புச் சுமை. எண்பித்தல் என்றால் சான்று வைத்து உண்மை என்று நிறுவுதல். அந்தப் பாரத்தை யார் தூக்கவேண்டும் என்பதுதான் எண்பிப்புச் சுமை. குற்ற வழக்கில் அது வழக்குத் தொடுநர் பக்கம், அதாவது எங்கள் இலங்கை மேல் நீதிமன்றங்களில், அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர் சார்பில் நிற்கும் அரச சட்டவாதி பக்கம். எதிரிக்கூண்டில் நிற்பவருக்கு அந்தப் பாரம் இல்லை. அவர் வாயே திறக்காமல் இருக்கலாம். எங்கள் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையின் 5ஆம் பந்தி, குற்றவாளியென எண்பிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் நிரபராதியென்றே ஊகிக்கப்பட வேண்டும் என்கிறது.

மூன்றாவது பெட்டி

எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நாங்கள் சாதாரணமாக இரண்டு பெட்டிதான் வைத்திருக்கிறோம். செய்தான், செய்யவில்லை. ஒன்றில் இல்லையென்றால் மற்றதில் இருக்கவேண்டும். ஆனால் இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம், 1895ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு இன்றுவரை பாவனையில் இருக்கிற சட்டம், தன் 3ஆம் பிரிவிலேயே மூன்று பெட்டி வைத்திருக்கிறது. எண்பிக்கப்பட்டது ஒன்று. இல்லையென்று எண்பிக்கப்பட்டது இன்னொன்று. இந்த இரண்டிலும் சேராதது மூன்றாவது, அதன் பெயர் "எண்பிக்கப்படாதது".

அந்தப் பெடியனின் ஐந்நூறு ரூபாய்க் கதை மூன்றாவது பெட்டியில் கிடக்கிறது. அவன் எடுத்தான் என்று நிறுவப்படவில்லை, எடுக்கவில்லை என்றும் நிறுவப்படவில்லை. நாங்களோ எங்களிடம் இருந்த இரண்டு பெட்டியில் ஒன்றுக்குள் அவனைப் போட்டோம்.

நீதிமன்றத்துக்கு முன்னால் இருக்கும் கேள்வி "இவன் செய்தானா?" இல்லை. "இவன் செய்தான் என்று சொன்னவர், அதை நிறுவினாரா?" என்பதுதான். நிறுவவில்லை என்றால் விடுதலை. அந்த விடுதலைக்குள் உண்மையிலேயே ஒன்றும் செய்யாதவரும் இருப்பார், செய்துவிட்டுத் தப்பியவரும் இருப்பார், யாருக்குமே தெரியாதவரும் இருப்பார். தீர்ப்பு அவர்களைப் பிரித்துச் சொல்லாது. லிப்டுக்குள் சிரித்தவனும் அந்த மூன்றாவது பெட்டியில் இருந்துதான் சிரித்தான்.

இதே காரணத்தால்தான் சொற்களிலும் கவனம் வேண்டும். பொலிஸ் பிடித்தவர் சந்தேகநபர். குற்றப்பத்திரம் கொடுத்து வழக்கு நடத்தினால் அவர் எதிரி. தீர்ப்பில் குற்றம் எண்பிக்கப்பட்ட பிறகுதான் குற்றவாளி. "குற்றவாளி கைது" என்று தலைப்புப் போடும்போது முழு வழக்கையும் தலைப்பிலேயே முடித்துவிடுகிறோம். மற்றப் பக்கமாக, யாருக்காவது பிணை கிடைத்தால் "விட்டிட்டாங்கள்" என்று சொல்கிறோமே, அதுவும் பிழை. பிணை என்றால் வழக்கு நடக்கும்வரை விளக்கமறியலுக்கு வெளியே இருக்கலாம் என்பது மட்டும்தான். வழக்கு அப்படியே இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: குற்றம் சொல்பவர் நிறுவவேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் எதையும் நிறுவத் தேவையில்லை. நிறுவ முடியாமல் போனால் வரும் தீர்ப்பு அவருடைய குணத்தைப் பற்றியது இல்லை, நிறுவவேண்டியவரின் வேலையைப் பற்றியது.

எவ்வளவு நிறுவினால் போதும்? இரண்டு தராசு

யாழ்ப்பாணத்தில் கோடு கச்சேரி ஏறாத குடும்பம் குறைவு. பெரும்பாலும் காணிக்காக. எல்லை வேலி ஒரு முழம் நகர்ந்துவிட்டது, பாதை என்னுடையது, கிணற்றில் எனக்கும் பங்கு. அப்படியான குடியியல் வழக்கில் நீதிபதி செய்வது தராசு பிடிப்பது மாதிரி. ஒருவர் உறுதியைக் காட்டுவார், மற்றவர் தன் பக்க வரைபடத்தைக் காட்டுவார், ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து பழைய பூவரசு எங்கே நின்றது என்று சொல்வார். எந்தத் தட்டு கொஞ்சம் கூடத் தாழ்கிறதோ அந்தப் பக்கம் தீர்ப்பு. இதற்கு நிகழ்தகவுச் சமநிலை என்று பெயர்: உண்மையாய் இருக்க எது கூடுதல் வாய்ப்போ அது வெல்லும். இழப்பது ஒரு முழம் காணி, அல்லது காசு. அதனால் கொஞ்சம் தாழ்ந்தாலே போதும்.

குற்ற வழக்கில் இழப்பது ஒருவருடைய வாழ்க்கை. அங்கே இந்தத் தராசு போதாது. அங்கே கேட்கப்படுவது நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்பித்தல். அதாவது சாட்சியம் எல்லாவற்றையும் பார்த்த ஒரு நிதானமான ஆளுக்கு, "இல்லை, இப்படியும் நடந்திருக்கலாமே" என்று சொல்ல உருப்படியான ஒரு காரணமும் மிஞ்சக்கூடாது. தட்டு ஒரு பக்கம் தாழ்ந்தால் போதாது, அடிவரை போய் நிலத்தில் முட்டவேண்டும்.

ஒரே ஆள் இரண்டு தராசிலும் நின்ற கதை உலகறிந்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சன், முன்னாள் மனைவியையும் இன்னொருவரையும் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1995 ஒக்டோபரில் குற்றவாளி அல்ல என்று விடுவிக்கப்பட்டார். 1997இல் அதே மரணங்களுக்காகக் குடும்பத்தினர் போட்ட குடியியல் வழக்கில் இன்னொரு ஜூரி அவரைப் பொறுப்பாளியாகக் கண்டது. 33.5 மில்லியன் டொலர் கட்டச் சொன்னார்கள். இரண்டு தீர்ப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். அடித்துக்கொள்ளவில்லை. தராசு வேறு.

"நியாயமான" என்ற சொல்லுக்கு ஒரு ஆடு

சந்தேகம் என்றால் எதிலும் சந்தேகப்படலாமே, அப்படியென்றால் யாரையுமே தண்டிக்க முடியாதே என்று மச்சான் கேட்டான். நல்ல கேள்வி. அங்கேதான் "நியாயமான" என்ற சொல் வேலை செய்கிறது.

போன மாரிக்கு முன் பெரியம்மா பின்வளவில் முப்பது கத்தரிக் கன்று நட்டிருந்தா. ஒரு விடியற்காலை போய்ப் பார்த்தால் இருபத்தொரு கன்றுக்குத் தலை இல்லை, தண்டு மட்டும் நிற்கிறது. மேற்குப் பக்கக் கிடுகு வேலியில் ஒரு பொட்டு, அதாவது ஓட்டை. பொட்டு விளிம்பில் நாலைந்து மண்ணிற மயிர். பாத்தி நீளத்துக்கு ஆட்டுப் புழுக்கை. பெரியம்மா நேரே மேற்கு வீட்டுப் படலையில் போய் நின்றா.

ஒரு ஆடு வந்து தின்றது என்பதில் சந்தேகம் உண்டா? "இல்லை, யாரோ இரவில் வந்து கையால் நுள்ளிவிட்டு, வேறு எங்கிருந்தோ புழுக்கை அள்ளிவந்து தூவி, வேலியில் மயிரும் செருகிவிட்டுப் போயிருக்கலாம்" என்று ஒருவர் சொல்லலாம். நடக்கவே முடியாதது இல்லை. ஆனால் அப்படி நினைக்க ஒரு காரணமும் இல்லை. இது வெறும் கற்பனைச் சந்தேகம், இதற்கு நீதிமன்றத்தில் இடம் கிடையாது.

சரி, மேற்கு வீட்டு ஆடுதான் தின்றதா? அங்கே நிலைமை வேறு. மேற்கு வீட்டில் மண்ணிற ஆடு ஒன்று நிற்கிறது. அதற்குப் பின்வீட்டிலும் மண்ணிற ஆடு ஒன்று நிற்கிறது, அந்த இரண்டு வளவுக்கும் நடுவில் மதிலும் இல்லை வேலியும் இல்லை. அன்று இரவு எந்த ஆடு அவிழ்ந்து நின்றது என்று கண்டவர் இல்லை. இந்தச் சந்தேகம் பின்வீட்டுக் கொட்டிலில் நாலு காலில் நிற்கிறது, நீங்கள் போய்த் தொட்டுப் பார்க்கலாம். இதுதான் நியாயமான சந்தேகம். மேற்கு வீட்டு ஆடாக இருக்கத்தான் வாய்ப்புக் கூட, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். காணி வழக்குத் தராசில் பெரியம்மா வென்றிருப்பா. குற்ற வழக்குத் தராசில் அந்த ஆடு விடுதலை.

கண்ணால் கண்டவர் இல்லாமல், சுற்றியுள்ள தடயங்களை வைத்து முடிவுக்கு வரும் சாட்சியத்துக்கு சூழ்நிலைச் சான்று என்று பெயர். அதை வைத்துத் தண்டிக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். தாராளமாக முடியும். ஆனால் தடயங்கள் எல்லாம் சேர்ந்து ஒரேயொரு முடிவைத்தான் காட்டவேண்டும். இரண்டு முடிவுக்கு இடம் கொடுத்தால் போதாது.

கோவலன் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும், கண்ணகை அம்மனுக்குப் பொங்குகிற ஊர்க்காரர் நாங்கள். அந்தக் கதையை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். அரசியின் சிலம்பு காணவில்லை. கோவலன் கையில் ஒரு சிலம்பு. கள்ளன் கையிலும் சிலம்பு இருக்கும், பெண்சாதியின் சிலம்பை விற்க வந்தவன் கையிலும் சிலம்பு இருக்கும். ஒரு தடயம், இரண்டு முடிவு. இரண்டாவதை யாரும் விசாரிக்கவில்லை. பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் ஆள் அனுப்பினான், கோவலன் செத்துப்போனான். பிறகு அந்தச் சுமை யார் தலையில் வந்து விழுந்தது? புருசனை இழந்த கண்ணகி தலையில். அவள்தான் சபைக்கு வந்து சிலம்பை உடைத்து, உள்ளே முத்து இல்லை மாணிக்கம் என்று காட்டவேண்டியிருந்தது. கோவலன் உயிரோடு இருந்தபோது ஒருவர் அந்தச் சிலம்பைத் திறந்து பார்த்திருந்தால் போதும்.

சுருக்கமாக: நிச்சயம் என்றால் நூற்றுக்கு நூறு இல்லை. கைக்குத் தட்டுப்படும் சந்தேகம் ஒன்றும் மிஞ்சக்கூடாது, அவ்வளவுதான். கற்பனைச் சந்தேகம் கணக்கில் இல்லை.

தொடரில் வருவதும் எங்கள் ஊர் நீதிமன்றமும்

தொடரில் வருகிற பன்னிரண்டு பேர் ஜூரி அமெரிக்க வழக்கம். பாரதூரமான குற்ற வழக்கில் பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும். இலங்கையில் ஜூரி என்றால் ஏழு பேர், குறைந்தது ஐந்துக்கு இரண்டு என்று வந்தால் தீர்ப்பு. ஆனால் இப்போது எங்கள் மேல் நீதிமன்றங்களில் பெரும்பாலான வழக்குகள் ஜூரி இல்லாமல் நீதிபதி ஒருவர் முன்னால்தான் நடக்கின்றன. இதில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஜூரி காரணம் சொல்லாது. "குற்றவாளி", "குற்றவாளி அல்ல", அதோடு எழும்பிப் போய்விடும். நீதிபதி ஏன் என்று எழுதவேண்டும். எந்தச் சாட்சியை நம்பினார், எதை நம்பவில்லை, சங்கிலி எந்த இடத்தில் அறுந்தது என்பதெல்லாம் தாளில் இருக்கும், நாங்கள் வாசிக்கலாம்.

எதிரி சாட்சிக்கூண்டில் ஏறவில்லை என்றால் "மடியில் கனம்" என்று நினைக்கிறோம். எங்கள் சட்டத்தில் அவருக்கு மூன்று வழி உண்டு: மௌனமாக இருக்கலாம், சத்தியம் செய்து சாட்சியம் சொல்லலாம், அல்லது எதிரிக்கூண்டில் நின்றபடியே சத்தியமில்லாமல் ஒரு கூற்றுச் சொல்லலாம். அவர் சொன்னது உண்மை என்று நிறுவத் தேவையில்லை. அது ஒரு நியாயமான சந்தேகத்தைக் கிளப்பினாலே விடுதலைக்குப் போதும். (தற்பாதுகாப்புக்காகச் செய்தேன் என்பது போன்ற சில விதிவிலக்குகளைச் சொல்பவர் அதைத் தானே காட்டவேண்டும். அங்கேயும் காணி வழக்குத் தராசு போதும்.)

தங்கச்சி திட்டிய அந்தச் சட்டத்தரணிக்கு வருவோம். அந்தக் காலத்தில் அப்புக்காத்து, பிரக்கிராசி என்று சொன்னவர்களின் வேலையும் இதுதான்: அரச தரப்பு கொண்டுவரும் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்ப்பது. பொய்யென்று தெரிந்த சாட்சியத்தைத் தானே முன்வைக்க அவருக்கு உரிமை இல்லை. ஆனால் தொடரில் அவர் வைத்த தாள் பொய் இல்லையே. வானொலி நிகழ்ச்சி உண்மையிலேயே பிந்தியது. சாட்சி உண்மையிலேயே நேரத்தைப் பிழையாகச் சொன்னார். அதைப் பொலிஸ் முதலே போய் விசாரித்திருந்தால், அவனைப் பிடிக்க வேறு வழி தேடியிருப்பார்கள்.

சுமை இடம் மாறினால்

இது எல்லாம் படக்கதைக்குச் சரி, எங்களுக்கென்ன என்று யாரும் கேட்கலாம். எங்களுக்குத்தான் எல்லாம்.

சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் ஒருவர் கொடுத்த குற்ற ஒப்புதலை, அதாவது "நான்தான் செய்தேன்" என்ற வாக்குமூலத்தை, அவருக்கு எதிராக எண்பிக்க முடியாது. காரணம் லேசானது. பொலிஸ் நிலையத்தில் பூட்டிய அறைக்குள் என்ன நடந்தது என்று உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அடிக்குப் பயந்து எவரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புதலை வாங்கினால் வேலை முடிந்தது என்று இருந்தால் யார் வெயிலில் அலைந்து தடயம் தேடப் போகிறார்?

1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. முதலில் மூன்று வருடத்துக்குத் தற்காலிகம் என்றார்கள், 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அதன் 16ஆம் பிரிவு இரண்டு காரியம் செய்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத பொலிஸ் அதிகாரி எடுத்த ஒப்புதலைச் சான்றாக ஏற்கலாம் என்றது. அது அடித்தோ மிரட்டியோ வாங்கப்பட்டது என்று எதிரி சொன்னால், அப்படி வாங்கப்பட்டது என்பதை எதிரியே நிறுவவேண்டும் என்றது.

இரண்டாவதைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். "நீ எடுக்கேல்லை எண்டால் அதைக் காட்டு." ரியூசன் கொட்டிலில் சேர் சொன்ன அதே வசனம், சட்டமாக.

மட்டக்களப்பைச் சேர்ந்த சிங்கராசா என்பவருடைய வழக்கு இதற்கு ஆவணச் சாட்சி. 1993இல் கைது. 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது, அதற்கு இருந்த சான்று ஒப்புதல் ஒன்றுதான். தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய தாளில் தன்னைப் பெருவிரல் அடையாளம் வைக்கச் செய்தார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. ஐம்பது வருடச் சிறை. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாகக் குறைந்தது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அவருடைய முறைப்பாட்டைப் பார்த்து, ஒப்புதல் தானாக விரும்பிக் கொடுக்கப்பட்டது என்று காட்டும் சுமை அரசினுடையது, அதை எதிரியின் தலையில் வைத்தது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறுகிறது என்றது. 2006இல் எங்கள் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தை வைத்துத் தீர்ப்பை மாற்ற மறுத்தது.

ஒரு பெருவிரல் மை அடையாளம், முப்பத்தைந்து வருடம். எண்பிப்புச் சுமை என்பது பாடப்புத்தகச் சொல் என்று எனக்கு ஒருநாளும் தோன்றாததற்கு இந்த வழக்கு ஒரு காரணம். சிறையில் பிள்ளையைப் பார்க்க பஸ் ஏறிய தாய்மார் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

கோபத்தை எங்கே அனுப்புவது

பெரியம்மாவின் கோபத்தில் ஒரு பகுதி அந்தத் தொடரால் வந்தது இல்லை, எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தின் முன்னாள் மேயர், நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜ், 2006 நவம்பர் 10ஆம் திகதி கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து வருடம் கழித்து, 2016 டிசம்பரில், சிங்களம் பேசும் ஜூரி முன்னால் நடந்த வழக்கில் எதிரிகள் அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். நள்ளிரவு தாண்டி வந்த தீர்ப்பு. ஜூரி என்பதால் காரணம் ஒரு வரியும் இல்லை. அன்றைக்கும் பெரியம்மா இதேபோலத்தான் ரீவிக்கு முன்னால் இருந்தா. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அந்த மனிதரைக் கொன்றது யார் என்பது மூன்றாவது பெட்டிக்குள் போய்விட்டது. கொலை நடக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் இருந்து கேட்டவர்களுக்கு அது அப்படித்தான் கேட்டது.

இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் "சந்தேகம் இருந்தால் விடு" என்ற விதியின்மேல் அதைக் கொட்டினால், நாளைக்கு எங்கள் பிள்ளை எதிரிக்கூண்டில் நிற்கும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. தடயத்தை எடுக்காமல் விட்டவர், சாட்சிக்குப் பாதுகாப்புக் கொடுக்காதவர், வருடக்கணக்காக இழுத்தடித்தவர், அரைகுறையாகக் குற்றப்பத்திரம் எழுதியவர், காரணம் சொல்லத் தேவையில்லாத முறையைத் தெரிவு செய்ய விட்ட சட்டம், இவற்றைத்தான் கேள்வி கேட்கவேண்டும்.

விதி ஒழுங்காக வேலை செய்ததையும் நாங்கள் இதே ஊரில் கண்டிருக்கிறோம். 2015 மே மாதம் புங்குடுதீவில் பள்ளிக்கூடம் போன மாணவி ஒருத்தி கொடூரமாகக் கொல்லப்பட்டபோது ஊரே கொதித்தது. யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்துக்குக் கல் விழுந்தது. அன்று வீதியில் நின்ற கூட்டத்திடம் கேட்டிருந்தால், பிடிபட்ட எல்லோரையும் அங்கேயே முடித்திருப்பார்கள். வழக்கு மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட அமர்வு முன்னால் யாழ்ப்பாணத்தில் நடந்தது. 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி தீர்ப்பு. ஒன்பது எதிரிகளில் ஏழு பேருக்கு மரண தண்டனை. இரண்டு பேர், அவர்கள் மேலான குற்றம் எண்பிக்கப்படாததால், விடுவிக்கப்பட்டார்கள். அதே நீதிபதிகள், அதே நாள். ஏழு பேரின் தீர்ப்பை நான் நம்புவதற்கு அந்த இரண்டு பேரின் விடுதலையும் ஒரு காரணம், ஏனென்றால் ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அது காட்டுகிறது.

லிப்டுக்குள் அந்தச் சிரிப்பு

கடைசியாக, தொடரைப் பற்றி ஒரு விஷயம். அவன் ஏன் அவ்வளவு துணிவாகச் சிரித்தான் தெரியுமா? அமெரிக்காவில் ஜூரி ஒருமுறை "குற்றவாளி அல்ல" என்றால், அரச தரப்பு அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்ய முடியாது. அதே குற்றத்துக்கு அவனைத் திரும்பக் கூண்டில் ஏற்றவும் முடியாது. அவன் கதை அங்கே முடிந்தது.

இலங்கையில் அப்படி இல்லை. மேல் நீதிமன்றம் ஒருவரை விடுவித்தாலும் சட்டமா அதிபர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். ஜூரி விடுவித்திருந்தால் சட்டப் பிழையை மட்டும் காட்டலாம். நீதிபதி தனியே விசாரித்து விடுவித்திருந்தால், சாட்சியத்தை அவர் பிழையாக எடைபோட்டார் என்றும் வாதாடலாம். நாங்கள் பார்த்த கதை யாழ்ப்பாணத்தில் நடந்திருந்தால் அந்த லிப்டுக் கதவுக்கு வெளியே இன்னொரு நீதிமன்றம் காத்திருக்கும்.

இதைச் சொன்னதும் பெரியம்மா ரிமோட்டை எடுத்துக் கடைசி அரை நிமிடத்தைத் திரும்பப் போடச் சொன்னா. கதவு மூடுகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இஞ்சையெண்டால் உவன் இன்னும் சிரிக்கேலாது" என்றா.